தேடல் சொல்லில் தேவையைப் படிப்பது எப்படி: மாடித்தோட்டக் கீவேர்டுகளை வைத்து ஒரு செய்முறை

ஒருவர் கூகுளில் "கறிவேப்பிலை வளர" என்று அடிக்கிறார். தொட்டியில் வைத்த செடி வளராமல் நிற்கிறது என்று தேடுகிறாரா, தலைமுடி வளரக் கறிவேப்பிலையை எப்படிப் பயன்படுத்துவது என்று தேடுகிறாரா? இரண்டுக்கும் இடமுண்டு. கீவேர்ட் கருவி, அதாவது ஒரு தேடல் சொல்லை மாதத்துக்கு எத்தனை முறை தேடுகிறார்கள் என்று மதிப்பிடும் கருவி, இந்தச் சொல்லுக்கு ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்குள் இரண்டு கூட்டமும் கலந்திருக்கும். விதையும் க்ரோ பேக்கும் (செடி வளர்க்கும் பை) விற்கும் ஒரு கடை அந்த எண்ணை அப்படியே நம்பிக் கட்டுரை போட்டால், எண்ணெய் காய்ச்சும் முறையைத் தேடி வந்தவர்கள் உள்ளே வந்து, ஏமாந்து, அடுத்த நொடியே வெளியே போய்விடுவார்கள்.

தேடல் சொற்களை வைத்து என்ன எழுதலாம், என்ன விற்கலாம், எப்போது வெளியிடலாம் என்று முடிவு செய்வதற்கான வழிமுறை இது. மாடித்தோட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். சமையல், தையல், போட்டித் தேர்வு என எதற்கும் இதே வரிசை பொருந்தும். தேவைப்படும் கருவிகள் எல்லாமே இலவசம்: கூகுள் தேடல் பெட்டி, யூட்யூப் தேடல் பெட்டி, ஒரு சொல்லின் தேடல் காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ், கூகுள் ஆட்ஸ் (விளம்பர) கணக்குக்குள் இருக்கும் கீவேர்ட் பிளானர், உங்களுக்குத் தளம் இருந்தால் அது எந்தத் தேடல்களில் வந்தது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல், எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு கூகுள் ஷீட்.

எண்ணுக்கு முன்னால் ஆள்

தேடல்களை வகை பிரிக்கும் வழக்கம் பழையது. ஆந்த்ரே ப்ரோடர் 2002-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை தேடல்களை மூன்றாகப் பிரித்தது: ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, வாங்குவது, பதிவிறக்குவது போல ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. இன்றைக்கும் கீவேர்ட் கருவிகள் காட்டும் "இன்டென்ட்" (தேடுபவரின் நோக்கம்) பகுப்பின் வேர் அதுதான். ஆனால் தோட்டம் போன்ற துறையில் இந்த மூன்று போதாது. தெரிந்துகொள்ளத் தேடுபவர்களுக்குள்ளேயே நாலைந்து நிலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு பதில் வேண்டும். கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்வோம்.

"கறிவேப்பிலை செடி வளர்ப்பது எப்படி" என்று தேடுபவரிடம் பெரும்பாலும் இன்னும் செடி இல்லை. விதையா நாற்றா, எவ்வளவு பெரிய தொட்டி என்று முடிவு செய்யும் நிலை.

"கறிவேப்பிலை துளிர் விடவில்லை" என்பவரிடம் செடி இருக்கிறது. கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்) செய்யவில்லை, தொட்டி சிறியது, வெயில் போதவில்லை என ஏதோ ஒன்று. இவருக்கு "கறிவேப்பிலையின் நன்மைகள்" என்று தொடங்கும் கட்டுரை எரிச்சலைத்தான் தரும்.

"கறிவேப்பிலை இலையில் கருப்பு புள்ளி" என்பவர் செடிக்கு முன்னால் போனுடன் நிற்கிறார். அவருக்கு வேண்டியது படம். தன் இலையையும் உங்கள் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு வரியாவது படிப்பார்.

"கறிவேப்பிலை நாற்று விலை" என்பவர் வாங்க வந்தவர். "கறிவேப்பிலை பொடி" என்பவர் சமையலறையில் இருக்கிறார், அவர் உங்கள் ஆள் அல்ல.

ஆகவே முதல் விதி: பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துத் தேவையை அளக்காதீர்கள். கூடவே வரும் வினைச்சொல்லும் வேற்றுமை உருபும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். "செடி வளர்ப்பு", "செடி வளர", "செடி வளரவில்லை" மூன்றும் மூன்று நாள்கள்: தொடங்கும் நாள், கவனிக்கும் நாள், கவலைப்படும் நாள்.

செம்பருத்தி, ரோஜா மாதிரிப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவை தொலைக்காட்சித் தொடர்களின் பெயர்களும்கூட. வெறும் "செம்பருத்தி" என்று ட்ரெண்ட்ஸில் கொடுத்துப் பார்த்தால் வரைகோட்டில் ஏறி இறங்குவது செடியா தொடரா என்று பிரிக்க முடியாது. "செம்பருத்தி செடி", "செம்பருத்தி பூச்சி", "செம்பருத்தி மொட்டு உதிர்வு" என்று துணைச் சொல்லோடுதான் பார்க்க வேண்டும்.

சொற்களைச் சேர்த்தல்

5 முதல் 8 வேர்ச்சொற்களோடு தொடங்குங்கள். மாடித்தோட்டம், தொட்டி, மண்கலவை, தக்காளி செடி, கறிவேப்பிலை செடி, மல்லிகை செடி, செடி பூச்சி. இதற்கு மேல் வைத்தால் பட்டியல் வீங்கும், வேலை நகராது.

உலாவியில் இன்காக்னிட்டோ சாளரம் (உங்கள் பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காதது) திறந்து, ஒவ்வொரு வேர்ச்சொல்லையும் தேடல் பெட்டியில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, என்டர் தட்டாமல் நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் மக்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. இடம், மொழி, அண்மைய போக்கு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பிறகு இடைவெளியை அடுத்து ஓர் எழுத்து: "மல்லிகை செடி க", "மல்லிகை செடி பூ", "மல்லிகை செடி வ". எழுத்துகள் எல்லாவற்றையும் முயல வேண்டியதில்லை. எ, ஏ, உ, க, ப, பூ, ம, வ, வி ஆகியவற்றிலேயே பெரும்பகுதி சிக்கிவிடும்: எப்படி, எப்போது, ஏன், உரம், கவாத்து, பராமரிப்பு, பூக்க, பூச்சி, மருந்து, வளர்ப்பு, விலை. அடுத்து கர்சரைச் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து ஓர் எழுத்து அடித்துப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், "தொட்டியில் மல்லிகை", "அடுக்கு மல்லிகை" மாதிரி முன்னொட்டுத் தேடல்கள் பின்னால் எழுத்துச் சேர்க்கும் முறையில் சிக்காது.

இதையே யூட்யூப் தேடல் பெட்டியிலும் செய்யுங்கள். தோட்டம், சமையல், பழுதுபார்ப்பு மாதிரி கையால் செய்து காட்ட வேண்டிய விஷயங்களில் தமிழர்கள் பலர் நேரே யூட்யூபில்தான் தேடுகிறார்கள். இரண்டு பெட்டிகளிலும் வரும் பரிந்துரைகள் ஒன்றாக இருக்காது. யூட்யூபில் மட்டும் வரும் சொல் என்றால், அந்தத் தேவைக்குக் கட்டுரையைவிடக் காணொளி பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஊற்று, பலரும் கண்டுகொள்ளாதது: கடையின் வாட்ஸ்அப், காணொளிக்குக் கீழே வரும் கேள்விகள். அங்கே கேட்கப்படும் வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே ஷீட்டில் ஒட்டுங்கள். "செடில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிருக்கு" என்று ஒருவர் கேட்டால், அதை "மாவுப்பூச்சித் தாக்குதல்" என்று மாற்றி எழுதாதீர்கள். மாவுப்பூச்சி என்ற பெயர் தெரிந்தவருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தேடுபவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் தெரியாது, கண்ணில் பட்டதைத்தான் அடிப்பார்கள்: வெள்ளைப் பூச்சி, பஞ்சு போல, இலை ஒட்டுது, எறும்பு ஏறுது. அசுவினி, இலைப்பேன் என்று பாடநூல் பெயரில் மட்டும் தலைப்பு வைத்த பக்கங்கள் இந்தத் தேடல்களில் எட்டியே பார்ப்பதில்லை. அறிகுறிச் சொல்லைத் தலைப்பிலும், பூச்சியின் பெயரை முதல் பத்தியிலும் வைத்தால் இருவகை ஆட்களும் வந்து சேருவார்கள்.

இப்படிச் சேர்த்தால் 150 முதல் 300 வரிகள் வரை தேறும். அதற்கு மேல் தேடி அலைய வேண்டாம்.

ஒரே சொல், பத்து எழுத்து

ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட கீவேர்ட் வழிகாட்டிகள் தமிழுக்கு அப்படியே பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். மாடித்தோட்டம், மாடி தோட்டம், மாடித் தோட்டம்: ஒற்று போட்டும் போடாமலும், சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள். கறிவேப்பிலை, கருவேப்பிலை, கருவேப்பில்லை என்று மூன்று வழக்கு. இதையே ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் அதைவிட அதிக வடிவங்களில் அடிப்பார்கள். பி ஒன்றா இரண்டா, எல் ஒன்றா இரண்டா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ழகரம் வந்தால் இன்னும் மோசம். குழம்பு என்ற ஒரு சொல்லுக்கே மூன்று நான்கு ஆங்கில எழுத்துக் கூட்டல்கள் புழங்குகின்றன. குரல் வழித் தேடல் சேர்ந்த பிறகு "ரோஸ் செடி பூக்கவே இல்ல என்ன பண்றது" மாதிரி முழுப் பேச்சு வாக்கியங்களும் வருகின்றன.

கருவிகள் இவற்றில் பலவற்றைத் தனித்தனிச் சொல்லாகவே எண்ணும். ஒரு வடிவத்துக்கு மட்டும் எண்ணைப் பார்த்து "இதை யாரும் தேடவில்லை" என்று ஒதுக்கினால் நல்ல தலைப்பு கைநழுவிவிடும். ஷீட்டில் "குழு" என்று ஒரு நெடுவரிசை வைத்து, ஒரே தேவைக்கான எல்லா வடிவங்களுக்கும் ஒரே குழுப் பெயர் கொடுங்கள். இனிமேல் எண்ணைக் குழுவுக்குத்தான் பார்க்க வேண்டும், தனிச் சொல்லுக்கு அல்ல.

இலங்கை வாசகர்களும் உங்களுக்கு உண்டென்றால் இன்னொரு அடுக்கு சேரும். தமிழ்நாட்டில் உரம் என்று தேடுவதை அங்கே பசளை என்று தேடுவார்கள். நிலக்கடலை அங்கே கச்சான். ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஒரு நாட்டையே விட்டுவிட்டதாக ஆகும்.

எந்தச் சொற்கள் ஒரே குழு, எவை வேறு என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் தேடிப் பாருங்கள். முதல் 10 முடிவுகளில் 4-க்கு மேல் ஒரே பக்கங்கள் வந்தால், கூகுள் அவற்றை ஒரே தேவையாகப் பார்க்கிறது. ஒரு பக்கம் போதும். ஒன்றிரண்டுதான் ஒத்துப்போகிறது என்றால் தனிப் பக்கம் வேண்டும்.

கீவேர்ட் பிளானரின் எண்ணை எப்படிப் படிப்பது

கூகுள் ஆட்ஸ் கணக்கு திறந்தால் கீவேர்ட் பிளானர் கிடைக்கும். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. புதிய சொற்களைக் கண்டறியும் பகுதியில் ஒரே நேரத்தில் 10 வேர்ச்சொற்கள் வரை கொடுக்கலாம். இடத்தைத் தமிழ்நாடு, புதுச்சேரி என்று வையுங்கள். மொழியைத் தமிழ் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். போனை ஆங்கில அமைப்பில் வைத்துக்கொண்டு தமிழில் தேடுவோரும், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போரும் அப்போது கணக்கிலிருந்து நழுவக்கூடும். எல்லா மொழிகளும் என்று வைத்து, வேண்டாத சொற்களைப் பிறகு ஷீட்டில் நீக்குவது பாதுகாப்பு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வேண்டுமென்றால் தனித்தனியாக ஓட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பதிவிறக்கிய கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரியலாம், அதைக் கூகுள் ஷீட்டில் இறக்குமதி செய்துகொள்ளுங்கள்.

வரும் எண்களில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

விளம்பரம் ஓடாத கணக்குக்குத் துல்லியமான எண் வராது, வரம்புதான் வரும்: 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000 என்று. 1,100 தேடலும் 9,800 தேடலும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு தலைப்பில் எது பெரியது என்பதை இந்தக் கருவி மட்டும் சொல்லாது.

காட்டப்படும் எண் 12 மாதச் சராசரி. ஒரு சொல்லை ஆண்டில் இரண்டே மாதம், மாதத்துக்கு 600 பேர் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மொத்தம் 1,200, சராசரி 100. ஷீட்டில் அது சோப்ளாங்கியாகத் தெரியும். உண்மையில் அந்த இரண்டு மாதம் அதுதான் உங்கள் கடையின் வாசல். ஆடிப்பட்டம், தைப்பட்டம் சார்ந்த எல்லாச் சொற்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

"காம்பெட்டிஷன்" என்ற நெடுவரிசை விளம்பரதாரர்களின் போட்டியைக் காட்டுவது. தேடல் முடிவில் முன்னே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. "லோ" (குறைவு) என்று இருப்பதைப் பார்த்து எளிது என்று நினைத்துவிடக் கூடாது.

நெருங்கிய வடிவங்களைக் கருவி சில சமயம் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். குழுவின் மொத்தத்தைக் கூட்டும்போது, அடுத்தடுத்த வரிகளில் வரம்பும் மாதவாரி எண்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணியிருப்பீர்கள்.

எண்ணே வராத சொற்களை என்ன செய்வது? தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு இதற்கு முன் வந்தே இராதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. நீண்ட, பேச்சுவழக்குத் தமிழ்த் தேடல்கள் பல கருவிகளில் பூஜ்யமாகவே தெரியும். தேடல் பெட்டியின் பரிந்துரையில் அந்தச் சொல் வந்தது, வாட்ஸ்அப்பிலும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள் என்றால், எண் இல்லாவிட்டாலும் அது தேவைதான்.

ட்ரெண்ட்ஸ்: எவ்வளவு என்பதைவிட எப்போது

கூகுள் ட்ரெண்ட்ஸில் வரும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்த இடத்திலும் காலத்திலும் நடந்த மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு. அதன் உச்சம் 100. ஆகவே கோடு இறங்கினால் தேடுபவர்கள் குறைந்தார்கள் என்று உடனே முடிவுகட்ட முடியாது. மற்றத் தேடல்கள் அதைவிட வேகமாகப் பெருகியிருக்கலாம். 0 என்றால் யாருமே தேடவில்லை என்பதில்லை, தரவு போதவில்லை என்று பொருள்.

இந்தியா, தமிழ்நாடு, கடந்த 5 ஆண்டுகள் என்று வையுங்கள். 5 ஆண்டுக்கு வாரவாரியான புள்ளிகள் கிடைக்கும். 2004-லிருந்து எடுத்தால் மாதவாரியாகிவிடும். சொல்வடிவச் சிக்கலுக்கு இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது: வடிவங்களுக்கு நடுவே கூட்டல் குறி போடுங்கள். "மாடித்தோட்டம் + மாடி தோட்டம்" என்று கொடுத்து, அதன் ஆங்கில எழுத்து வடிவங்களையும் கூட்டல் குறியோடு சேர்த்தால் குழு முழுவதும் ஒரே கோடாக வரும். அப்படி 5 கோடுகள் வரை ஒப்பிடலாம். வலைத் தேடல் என்று இருப்பதை யூட்யூப் தேடல் என்று மாற்றி இன்னொரு முறை பாருங்கள். தமிழ்த் தோட்டத் தலைப்புகளுக்குச் சில சமயம் இரண்டாவது வரைபடத்தில்தான் தெளிவான கோடு கிடைக்கும். தரவு மெலிந்த சொல்லுக்கு இன்று பார்த்த கோடும் நாளை பார்க்கும் கோடும் சற்று மாறலாம். ட்ரெண்ட்ஸ் மாதிரி எடுத்துக் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. ஒரே நாளில் கிடைத்த கூர்முனையை வைத்து முடிவெடுக்காமல், சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

பார்க்க வேண்டியது: உச்சம் ஒவ்வோர் ஆண்டும் அதே வாரங்களில் திரும்ப வருகிறதா? வந்தால் பருவத் தேவை, நாள்குறித்து உழைக்கலாம். ஒரே ஒரு முறை செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தால் ஏதோ செய்தி. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (தேவையான பொருள்கள் அடங்கிய தொகுப்பு) தருவதாக அறிவிப்பு வரும்போது எழும் தேடல் அந்த வகை. அப்படித் தேடுபவருக்கு விண்ணப்பிக்கும் வழிதான் வேண்டும், வளர்ப்பு முறை அல்ல. மூன்றாவது, ஆண்டு முழுக்கச் சமமாக ஓடும் கோடு. செடி காய்வது, இலை மஞ்சளாவது மாதிரிப் பிரச்சினைத் தேடல்களை இந்தக் கண்ணோட்டத்தில் சோதியுங்கள். நிலையாக இருந்தால் தளத்தின் அடித்தளம் அவைதான்.

கீழே "ரிலேட்டட் க்வெரிஸ்" (தொடர்புடைய தேடல்கள்) பகுதியில் "ரைசிங்" (வேகமாக ஏறுபவை) பட்டியல் வரும். "பிரேக்அவுட்" என்று குறித்திருந்தால் 5,000 விழுக்காட்டுக்கு மேல் வளர்ச்சி. பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கொஞ்சம் ஏறினாலே அந்த முத்திரை விழும்.

ஆர்வமும் தேவையும் ஒன்றல்ல

தேடலை வைத்து உண்மை நிலவரத்தைக் கணிக்க நடந்த மிகப் பெரிய முயற்சிகளில் ஒன்று கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ். 2008-ல் தொடங்கியது. காய்ச்சல் தொடர்பான தேடல்களைக் கொண்டு அமெரிக்காவில் ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்கிறது என்று, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கைக்கு முன்பே சொல்லப் பார்த்தது. 2012-13 குளிர்காலத்தில் அதன் கணிப்பு மையத்தின் அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்காகப் போனது. 2014-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அதன் குறைகளை அலசியது. 2015-ல் கூகுள் அதை நிறுத்தியது. செய்தியைப் பார்த்துப் பயந்து தேடியவர்களும் உண்மையில் காய்ச்சலில் கிடந்தவர்களும் தேடல் பெட்டியில் ஒரே மாதிரித் தெரிந்தது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொன்று: பள்ளிக் கூடைப்பந்து தொடர்பான தேடல்களும் ஃப்ளூ பருவத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கின, ஏனென்றால் இரண்டும் குளிர்காலத்தில் வருபவை.

உங்கள் அளவிலும் இதே இரண்டு தவறுகளும் நடக்கும். ஏதோ ஒரு காணொளி பரவியதால் ஒரு அபூர்வச் செடியைப் பலர் தேடலாம். அவர்களில் வளர்க்கப் போகிறவர் சிலரே. ஆடியில் எல்லாமே ஏறும்: விதை, கோயில் திருவிழா, தள்ளுபடி. உங்கள் சொல் ஏறியது விதைப்புக்காகத்தானா என்று பார்க்க, அதே காலத்தில் கூடவே ஏற வேண்டிய சொற்களையும் பாருங்கள். "தக்காளி விதை" ஏறும்போது "நாற்று எடுக்கும் முறை", "மண்கலவை" ஆகியவையும் அடுத்த சில வாரங்களில் ஏறினால் மக்கள் உண்மையில் விதைக்கிறார்கள். முதல் சொல் மட்டும் ஏறி அடங்கினால் அது வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

தேடல் பக்கத்தை வாசிப்பது

தேவை இருக்கிறது என்பது பாதிதான். அதை யாராவது ஏற்கெனவே நன்றாகத் தீர்க்கிறார்களா என்பது மறுபாதி. ஒவ்வொரு குழுவுக்கும் முக்கியச் சொல்லைப் போனில் தேடி, முதல் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பாருங்கள்.

மேலே காணொளி வரிசை வந்தால் மக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். பொருள்களும் விலைகளும் வந்தால் வாங்கும் தேடல். அங்கே கட்டுரை எழுதுவது வீண். பதிலை கூகுளே முழுதாகப் பக்கத்தின் உச்சியில் கொடுத்துவிட்டால், தேடல் அதிகம் இருந்தாலும் கிளிக் வராது. "ஆடிப்பட்டம் எந்த மாதம்" மாதிரி ஒரு வரியில் முடியும் கேள்விகளுக்கு இந்தக் கதி. கேள்வி-பதில் தளத்தின் பழைய பதிவு, சொல்லோடு ஒட்டாத செய்தித்தாள் கட்டுரை, பொருந்தாத ஆங்கிலப் பக்கம் ஆகியவை முதல் ஐந்தில் இருந்தால் அங்கே நல்ல பதிலுக்குப் பஞ்சம். இந்த இடங்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். எண் பெரிதாக இருந்து முதல் ஐந்தும் நல்ல பக்கங்களாக இருக்கும் தலைப்பைவிட, எண் சிறிதாக இருந்து பதிலே இல்லாத தலைப்பு புதிய தளத்துக்குப் பலமடங்கு மேல்.

சர்ச் கன்சோல்: சொந்த வயலின் விளைச்சல்

உங்களிடம் தளம் இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நம்பகமான தரவு சர்ச் கன்சோலில் இருக்கிறது, ஏனென்றால் அது கணிப்பு அல்ல, நடந்தது. செயல்திறன் அறிக்கையில் 16 மாதம் வரை பார்க்கலாம். திரையில் 1,000 வரிகள்தான் காட்டும். அதனால் தளம் முழுவதற்கும் எடுக்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் வடிகட்டித் தனித்தனியாக எடுத்தால் அதிகச் சொற்கள் கிடைக்கும். மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். வரிகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக வருவது அதனால்தான்.

கேள்வித் தேடல்களை மட்டும் எடுக்க, வடிகட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (பல சொற்களை ஒரே வரியில் தேட உதவும் குறியீட்டு முறை, | என்றால் 'அல்லது') தேர்ந்து இப்படிக் கொடுங்கள்: எப்படி|எப்டி|ஏன்|எப்போது|எவ்வளவு|என்ன. செடியின் பெயரால் வடிகட்டும்போது தமிழின் சொல்லமைப்பை நினைவில் வையுங்கள். "செடி" என்று கொடுத்தால் செடிக்கு, செடியில் எல்லாம் வரும். "மரம்" என்று கொடுத்தால் மரத்தில், மரத்துக்கு வராது. "மர" என்று நிறுத்த வேண்டும். பூச்சி, தொட்டி சரி. தோட்டத்துக்குத் "தோட்ட", பழத்துக்குப் "பழ".

இனி மூன்று வகை வரிகளைத் தேடுங்கள். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவைகள்) இருக்கிறது, சராசரி இடம் 8 முதல் 20: கூகுள் உங்களைப் பொருத்தமானவராகப் பார்க்கிறது, பதில் போதவில்லை. அந்தச் சொல்லை அப்படியே துணைத்தலைப்பாக்கி, முதல் இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள். இடம் 5-க்குள், ஆனால் கிளிக் இல்லை: தலைப்பு வேறு ஆளை அழைக்கிறது. பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயத்துக்கு இம்ப்ரெஷன் வருகிறது: இதுதான் புதையல், அடுத்து எழுத வேண்டிய பக்கம். மாவுப்பூச்சிப் பக்கத்துக்கு "செடியில் எறும்பு வராமல் இருக்க" என்ற தேடல் வந்தால், மாவுப்பூச்சி சுரக்கும் தேன்போன்ற கழிவுக்கு எறும்பு வரும் என்பதை விளக்கி, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கத்தில் மாலை வேளையில் தெளிக்கும் முறையைத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

கீவேர்ட் பிளானரின் அகன்ற வரம்பை இங்கே சரிபார்க்கவும் முடியும். ஏதாவது ஒரு சொல்லுக்கு உங்கள் பக்கம் ஒரு மாதம் முழுக்க முதல் 3 இடங்களுக்குள் நிலையாக இருந்தால், நாட்டை வடிகட்டிய பின் வரும் இம்ப்ரெஷன் எண்ணிக்கை அந்தச் சொல்லின் மாதத் தேடலுக்கு மிக அருகில் இருக்கும். அதே சொல்லை ட்ரெண்ட்ஸில் வேறு சொல்லோடு ஒப்பிட்டு, வலைத் தேடலில் இரண்டாவது சுமார் இரு மடங்கு என்று தெரிந்தால், அதற்கான தோராய எண்ணும் கையில் வந்துவிடும். மாதம் 400 இம்ப்ரெஷன் என்றால் மற்றது 800 சுற்றுவட்டம். துல்லியம் இல்லை, ஆனால் 100 முதல் 1,000 என்ற வரம்பைவிட எவ்வளவோ மேல்.

முடிவெடுத்தலும் நாள்காட்டியும்

ஷீட்டில் இந்த நெடுவரிசைகள் போதும்: சொல், குழு, தேடுபவரின் நிலை, மாத வரம்பு, உச்ச மாதம், முதல் பக்கத்தில் பதில் இருக்கிறதா, கட்டுரையா காணொளியா விற்பனைப் பக்கமா. 300 வரிகள் 15 முதல் 25 குழுக்களாகச் சுருங்கும். அவற்றிலிருந்து 5 மட்டும் எடுங்கள். பதில் இல்லாத பிரச்சினைத் தேடல் 3, அடுத்து வரும் பருவத்துக்கானது 1, விலை அல்லது வாங்கும் தேடல் 1 என்ற கலவை பெரும்பாலான சிறு தளங்களுக்குப் பொருந்தும்.

பருவப் பக்கங்களை உச்சத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்பே வெளியிட வேண்டும். கூகுள் எடுத்துச் சேர்த்து, ஓர் இடத்தில் நிலைநிறுத்த அவ்வளவு காலம் தேவைப்படும். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. ஆடிப்பட்டப் பக்கம் மே கடைசிக்குள் ஏறியிருக்க வேண்டும். தைப்பட்டத்துக்கு நவம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழையில் தொட்டியில் நீர் தேங்குவது, வேரழுகல் பற்றிய பக்கத்துக்கு ஆகஸ்ட் கடைசி. ஒவ்வோர் ஆண்டும் முகவரியில் ஆண்டைச் சேர்த்துப் புதுப் பக்கம் தொடங்க வேண்டாம், அதே முகவரியில் உள்ளடக்கத்தைப் புதுப்பியுங்கள். சென்ற ஆண்டு சம்பாதித்த இடம் அப்படியே கைகொடுக்கும்.

வெளியிட்ட 4 வாரம் கழித்து அந்தப் பக்கத்தின் தேடல் சொற்களைச் சர்ச் கன்சோலில் இறக்கி, ஷீட்டில் நீங்கள் அந்தக் குழுவுக்கு எழுதிய சொற்களோடு பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்த ஆள்தான் வந்திருக்கிறாரா என்று அதில் தெரியும். "துளிர் விடவில்லை" என்பவருக்கு எழுதிய பக்கத்துக்கு "முடி வளர" என்று தேடியவர்கள் வந்துகொண்டிருந்தால், தலைப்பில் "கறிவேப்பிலை" என்பதைக் "கறிவேப்பிலை செடி" என்று மாற்றி, முதல் வரியிலேயே தொட்டியையும் கவாத்தையும் கொண்டுவந்து, இன்னும் 4 வாரம் விட்டுப் பாருங்கள்.